சேலத்தில் உருவான ‘சர்வாதிகாரி’

1951ஆம் ஆண்டில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் தயாரித்து இயக்கிய ‘சர்வாதிகாரி’ திரைக்கு வந்தது. ‘தி கேலண்ட் பிளேடு’ என்னும் 1948ஆம் ஆண்டு ஹாலிவுட் வாள்வீச்சுப் படத்தைத் தழுவிய இக்கதையில், ஆட்சியைக் கைப்பற்றத் துடிக்கும் அமைச்சராக எம். என். நம்பியாரும் அவரை எதிர்க்கும் வீரனாக எம்.ஜி.ஆரும் நடித்தனர், வீரனை மயக்குவதற்காக அனுப்பப்படும் பெண்ணாக வந்த அஞ்சலிதேவி அவனிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள்.

ஹிட்லர் மாண்டு ஆறே ஆண்டுகள் கழிந்திருந்த, இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் தொடங்கவிருந்த அவ்வாண்டில், இத்தலைப்பு வெறும் அரண்மனைக் கதையின் பெயராக மட்டும் ஒலித்திருக்க முடியாது. சட்டமோ மரபோ அன்றி, தலைவனின் அசாதாரண ஆற்றலில் மக்கள் வைக்கும் நம்பிக்கையால் நிலைபெறும் அதிகாரத்தைச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ‘கவர்ச்சி அதிகாரம்’ என வகைப்படுத்தினார். நம்பியாரின் அமைச்சருக்குச் சூழ்ச்சி இருந்தது, அக்கவர்ச்சி இல்லை. அது முழுக்க எதிரே வாளேந்தி நின்ற நாயகனிடமே குவிந்திருந்தது என்பதே, 1977இல் அந்நாயகன் தமிழக முதலமைச்சரானதை அறிந்தவர்க்கு, படத்தின் சுவையான முரண்.