எல்கேஜிக்கு லோன் எடுக்கும் முன் இந்த 3 வழியையும் பாருங்க!

தஞ்சாவூர் பக்கம் சம்பளக்காரங்களுக்கு ஜூன் மாசம்னாலே திண்டாட்டம்தான். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை திறந்ததும், குறுவைக்கு உழவுக்கூலி, நடவுக்கூலின்னு ஊர்ல அப்பாவுக்குப் பணம் அனுப்பணும். அதே நேரத்துல குழந்தைக்கு எல்கேஜி ஃபீஸ். உடனே பர்சனல் லோன் ஆப்பைத் திறக்காதீங்க.

1. அங்கன்வாடி: 2 வயசுல இருந்தே சேர்க்கலாம், கட்டணம் இல்லை. மதிய உணவு, முட்டை, எடை கண்காணிப்பு, விளையாட்டோட சேர்ந்த முன்பருவக் கல்வி எல்லாம் உண்டு.

2. அரசு எல்கேஜி: 2019-ல் தமிழ்நாடு முழுக்க, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்கள்ல இருந்த 2,381 அங்கன்வாடி மையங்கள்ல தொடங்கினாங்க. எல்லா ஊர்லயும் கிடையாது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை நேர்ல போய்க் கேளுங்க.

3. ஆர்டிஇ 25% இடம்: சிறுபான்மையினர் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள்ல, கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். ஜூலை 31-க்குள் 3 வயசு முடிஞ்சிருக்கணும், வீடு 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். "எனக்குச் சம்பளம் 2 லட்சத்துக்கு மேல, கிடைக்காது"ன்னு பலர் விட்டுடறாங்க. அந்த வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு மட்டும்தான். பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி குழந்தைகளுக்கு வருமான வரம்பே இல்லை! ஆனா விண்ணப்பம் அதிகமா வந்தா குலுக்கல்தான். 2025-ல் மத்திய அரசு நிதி இழுபறியில் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போச்சு. அதனால இதை மட்டுமே நம்பி இருக்காதீங்க.

வயசு விஷயத்துல உஷார்!

தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல 1-ம் வகுப்புக்கு 5 வயசு போதும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ல் 6 வயசு முடிஞ்சிருக்கணும். பேங்க், ரயில்வேன்னு டிரான்ஸ்ஃபர் வர்ற வேலையில இருக்கறவங்க அவசரப்பட்டு 3 வயசுல எல்கேஜி சேர்த்தா, யுகேஜி முடிச்சும் குழந்தை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டி வரும். ஒரு வருஷ ஃபீஸ் கூடுதல் செலவு. அந்த முதல் வருஷத்தை அங்கன்வாடியில் விட்டா அது மிச்சம்.

இப்போ கணக்கு. ஃபீஸும் வேனும் சேர்த்து வருஷம் 48,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பெண் குழந்தைன்னா, அந்த 2 வருஷப் பணத்தைச் செல்வமகள் கணக்கில் போடுங்க. அப்புறம் 15 வருஷம் முடியறவரை வருஷம் குறைஞ்சது 250 ரூபாய் கட்டுங்க. வட்டி 8.2%-லயே நின்னா, 21 வருஷ முடிவில் அந்த 96,000 மட்டுமே சுமார் 4.8 லட்சம் ஆகும்.

முதல்ல ஒரு நாள் பக்கத்து அங்கன்வாடியைப் போய்ப் பாருங்க. டீச்சர் எப்படிப் பழகுறாங்க, கழிப்பறை சுத்தமா இருக்கான்னு கவனிங்க. திருப்தியா இல்லைன்னா தனியார் பள்ளிக்கே போங்க, தப்பே இல்லை. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்துட்டாருங்கறதுக்காகக் கடன் வாங்காதீங்க!