உத்தரவுக்கு முன்பே ஒரு சலாம்!

ஹிட்லருக்கும் கால்பந்துக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஜெர்மனி - நார்வே மேட்ச் பார்க்க வந்து உட்கார்ந்தார். நார்வே இரண்டு கோல் போட்டது. ஜெர்மனி முட்டை. ஆட்டம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சரி, பிடிக்காத விஷயத்தை மனுஷன் சும்மா விட்டாரா? அதுதான் இல்லை!

1933 ஜனவரியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அந்த வருஷமே ஜெர்மன் கால்பந்தைக் கலைத்துப் போட்டு அடுக்கினார்கள். அதற்கு முன்பு வட்டாரத்துக்கு வட்டாரம் ஏகப்பட்ட லீக்குகள். அத்தனையையும் மூட்டை கட்டிவிட்டு, நாடு முழுக்கப் பதினாறே லீக் என்றார்கள். பெயர், கௌலிகா. 'கௌ' என்றால் வட்டாரம். நாஜிக் கட்சி தன் நிர்வாகப் பிரிவுகளுக்கு வைத்திருந்த பெயரும் அதுவேதான். ஒவ்வொரு லீக்கிலும் ஜெயிக்கிற டீம்கள் கடைசியில் மோதி, தேசிய சாம்பியன் யார் என்று முடிவாகும்.

நான் பி.காம். ஆசாமி. எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட்டாகத்தான் தெரியும். அந்தக் கண்ணால் பார்த்தால், நஷ்டத்தில் ஓடுகிற கிளைகளை மூடிவிட்டு, ஓடுகிற கிளைகளை ஒன்று சேர்த்த மாதிரிதான் இருக்கிறது. வரவுப் பக்கமும் அமர்க்களம். கெல்சன்கிர்ஷன் என்ற நிலக்கரி ஊரின் ஷால்கே டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்ஃபாலியா கௌலிகாவில் 1934 முதல் 1944 வரை பதினோரு சீசன், பதினோரு தடவையும் முதலிடம்! அதற்குள் ஆறு முறை தேசிய சாம்பியன். 1939 பைனலில் வியன்னாவின் அட்மிரா டீமை 9-0 என்று துவைத்துக் காயப்போட்டார்கள்.

சரி, பற்றுப் பக்கம்?

தொழிலாளர் சங்கங்களின் கால்பந்து கிளப்புகளை 1933-லேயே தடை செய்து, சொத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். கத்தோலிக்க இளைஞர்களின் கிளப்புகளுக்கு 1935-க்குள் கதவடைப்பு. மிச்சமிருந்த கிளப்புகளில் தேர்தல், ஓட்டு எல்லாம் போயே போச்சு. தலைவர் என்ற பதவி போய், 'கிளப் ஃப்யூரர்' வந்தார். பேட்டைக்கு ஒரு குட்டி ஹிட்லர்!

இதெல்லாம் மேலிருந்து வந்த உத்தரவு. போகட்டும். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒரு காகிதம்.

1933 ஏப்ரல் 9. ஆட்சி மாறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தென் ஜெர்மனியின் பதினான்கு முன்னணி கிளப்புகள் ஸ்டுட்கார்ட் நகரில் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. புதிய அரசுக்கு மனமுவந்து ஒத்துழைப்போம், குறிப்பாக யூதர்களைக் கிளப்புகளிலிருந்து நீக்கும் விஷயத்தில் வேண்டியதைச் செய்வோம் என்று. கையெழுத்துப் போட்டவர்களில் பயர்ன் மூனிக் உண்டு, 1860 மூனிக் உண்டு, நியூரம்பெர்க் உண்டு, ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட் உண்டு.

விஷயம் என்னவென்றால், யூத மெம்பர்களை வெளியே அனுப்பு என்று கிளப்புகளுக்கு அதுவரை எந்த அரசாங்க உத்தரவும் வந்திருக்கவில்லை!

இந்த ரகத்தை நமக்கு நன்றாகத் தெரியும். எந்த ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். புது மானேஜர் வந்து நாற்காலி சூடாவதற்குள், அவருக்கு யாரைப் பிடிக்காது என்று மோப்பம் பிடித்து, அந்த ஆளின் மேஜையைத் தானே ஓரமாகத் தள்ளிப் போடுவார். "சார் சொன்னாரா?" என்று கேட்டால், "சொல்லணுமா என்ன? நமக்கே தெரிய வேணாமா?" என்பார். முந்திரிக்கொட்டை! என்ன, ஆபீஸில் மேஜைதான் நகரும். அங்கே நகர்ந்தது மனிதர்கள்.

அப்படி ஒருவர், யூலியஸ் ஹிர்ஷ். ஜெர்மனிக்காக ஏழு சர்வதேச மேட்ச் ஆடிய யூதர். 1912-ல் ஹாலந்துக்கு எதிராக 5-5 என்று டிராவான மேட்சில் நாலு கோல் இவருடையது. 1910-ல் கார்ல்ஸ்ரூவே கிளப்புக்காகவும், 1914-ல் ஃபூர்த் கிளப்புக்காகவும் ஆடித் தேசிய சாம்பியன் ஆனவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் நாலு வருஷம் இருந்து பதக்கம் வாங்கியவர். அதே போரில் ஒரு சகோதரரையும் பறிகொடுத்தவர்.

ஸ்டுட்கார்ட் அறிக்கையை இவர் பேப்பரில்தான் படித்தார். கார்ல்ஸ்ரூவே கையெழுத்துப் போட்டிருந்தது. ஃபூர்த்தும் போட்டிருந்தது. தான் சாம்பியன் ஆக்கிய இரண்டு கிளப்புமே! அவர்கள் வெளியே போகச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கனத்த மனசோடு தானே ராஜினாமாக் கடிதம் எழுதினார், கார்ல்ஸ்ரூவேக்கு. பத்து வயதில் சேர்ந்த கிளப் அது. யூதர்களும் இந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்பதையும் அதில் நினைவுபடுத்தினார்.

பயர்ன் மூனிக் கதையும் சளைத்ததல்ல. 1932-ல் அந்தக் கிளப் முதன்முதலாகத் தேசிய சாம்பியன் ஆனபோது தலைவராக இருந்தவர் குர்ட் லான்டாவர். அவரும் யூதர். 1933 மார்ச்சில் பதவி விலகினார். 1938 நவம்பரில் அவரை டாகாவ் வதைமுகாமில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். போர் முடிந்து 1947-ல் திரும்பி வந்து, மறுபடி அதே கிளப்பின் தலைவரானார். பெரிய மனசு!

இப்போது ஷால்கேக்குத் திரும்புவோம். அந்த டீமின் நட்சத்திரம் ஃப்ரிட்ஸ் ஷெபான். ஜெர்மன் தேசிய டீமுக்கே காப்டனாக இருந்தவர். 1938-ல், யூதர்கள் தங்கள் கடைகளை விற்றே தீர வேண்டும் என்று நெருக்கப்பட்ட காலத்தில், அவர் ஊரிலேயே ஒரு துணிக்கடை அடிமாட்டு விலைக்கு வந்தது. வாங்கிப் போட்டார். உரிமையாளர்கள் பின்னர் ரிகாவுக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். காமர்ஸில் 'குட்வில்' என்று ஓர் அயிட்டம் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் விலையுள்ள நல்ல பெயர். அந்தக் கடை கைமாறிய கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது?

லீக் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1938-ல் ஆஸ்திரியாவை விழுங்கினார்கள். உடனே அந்த நாட்டு லீக்கும் கௌலிகா ஆனது. 1925-ல் ஆஸ்திரிய சாம்பியனாக இருந்த ஹகோவா என்ற யூத கிளப்பை இழுத்து மூடினார்கள். பிறகு சுடேட்டன்லாந்து, அல்சேஸ், போலந்து... படை போன இடமெல்லாம் பந்தும் போனது. பதினாறில் ஆரம்பித்த லீக்குகள் 1944-ல் முப்பதைத் தாண்டிவிட்டன. பட்டியலைப் பார்த்தால் போரின் மேப்பே தெரியும்!

1941 ஜூன் 22 அதிகாலை ஜெர்மன் படைகள் ரஷ்யாவுக்குள் நுழைந்தன. அன்றைக்கே பெர்லினில் பைனல். வியன்னாவின் ரேப்பிட், 0-3 என்று பின்தங்கியிருந்து, 4-3 என்று ஷால்கேயை ஜெயித்தது. 1944-ல் பைனலுக்கு வந்த ஒரு டீம் ஹாம்பர்க் விமானப்படை டீம். ஆட்டக்காரர்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டால், பட்டாளம்தானே ஆட வேண்டும்? 1945 ஏப்ரல் 23 அன்றுகூட மூனிக்கில் பயர்னும் 1860-ம் மோதின. பயர்ன் 3-2. ஒரே வாரத்தில் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்துவிட்டது.

ஹிர்ஷ் என்ன ஆனார்?

1943 மார்ச் 1. கார்ல்ஸ்ரூவேயிலிருந்து ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பவில்லை. அந்த வருஷமும் லீக் நிற்கவில்லை. ஜூனில் ஜோராகப் பைனல் நடந்தது. டிரெஸ்டன் 3, சார்ப்ரூக்கன் 0. ரிக்கார்டு புத்தகத்தில் இருக்கிறது.

இன வெறுப்பை எதிர்த்து நிற்பவர்களுக்கு 2005-லிருந்து ஜெர்மன் கால்பந்து சங்கம் ஒரு பரிசு தருகிறது. ஹிர்ஷ் பெயரில்.

1933-ல் கையெழுத்துப் போட்ட பதினான்கு கிளப் ஆசாமிகளும் அன்றைக்கு ஒரு ரயிலை நினைத்திருக்க மாட்டார்கள். பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார்கள்.

நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ஒரு காகிதம் வரலாம். "எல்லாரும் போட்டாச்சு சார், நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்று நீட்டுவார்கள். பேனாவைத் திறக்கும் முன் அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள்.