ஒரே ரயில், பல விலை

சென்ற கோடையில் எங்கள் ஹனூர் கிளைக்கு ஓர் அம்மா வந்தார். கணவரைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்கு அழைத்துச் செல்பவர். சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தை நீட்டியவர், கூடவே இரண்டு பயணச்சீட்டுகளையும் மேசைமேல் வைத்து, "ஒரே ரயில், ஒரே வகுப்பு. பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நான் கொடுத்திருக்கிறேன். இது எப்படி சார்?" என்று கேட்டார்.

சீட்டை வாங்கிப் பார்த்தோம். மைசூரிலிருந்து காட்பாடிக்குத் தட்கலில் எடுத்தது. எடுத்துத் தந்த முகவரின் கூலி தனி. அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சொன்ன விடையையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ரயில் கட்டணம் ஒற்றைத் தொகை அன்று. தூரத்துக்கும் வகுப்புக்கும் உரிய அடிப்படைக் கட்டணம் முதலில் வருகிறது. அதன்மேல் முன்பதிவுக் கட்டணம் சேரும்: படுக்கை வகுப்புக்கு 20 ரூபாய், குளிர்வசதி மூன்றடுக்குக்கு 40 ரூபாய். அதிவிரைவு ரயிலாயின் அதே வகுப்புகளுக்கு முறையே 30, 45 ரூபாய் கூடும். குளிர்வசதி வகுப்புகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இவை அனைவருக்கும் பொது. விலை மாறுபடுவது இவற்றுக்கு அப்பால்தான்.

தட்கல் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் என்று பலரும் அறிவர். அதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு என்பதைச் சிலரே அறிவர். படுக்கை வகுப்பில் குறைந்தது 100 ரூபாய், அதிகம் 200 ரூபாய். இதைவிட முக்கியமானது தூரக் கணக்கு. தட்கலில் படுக்கை வகுப்புக்குக் குறைந்தபட்சம் 500 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்கப்படுகிறது. மைசூரிலிருந்து காட்பாடி சுமார் 370 கிலோமீட்டர்தான். போகாத 130 கிலோமீட்டருக்கும் அந்த அம்மா பணம் கட்டியிருந்தார். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சாதாரண முன்பதிவிலும் குறைந்தபட்சத் தூரம் உண்டு. படுக்கை வகுப்புக்கு 200 கிலோமீட்டர், குளிர்வசதி மூன்றடுக்குக்கு 300. மைசூரிலிருந்து பெங்களூருக்கு 139 கிலோமீட்டரே. அவ்வளவு குறுகிய தூரத்துக்குப் படுத்துச் செல்ல விரும்புவோர் போகாத தூரத்துக்கும் பணம் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு இருக்கையே அங்குப் போதுமானது.

மைசூர்–சென்னைத் தடம் இந்த விலைக் குழப்பத்துக்கு நல்ல பாடம். அதே தண்டவாளத்தில் காவேரி எக்ஸ்பிரஸ், சதாப்தி, வந்தே பாரத் மூன்றும் ஓடுகின்றன. காவேரியில் கட்டணம் நிலையானது. சதாப்தி, ராஜதானி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் 9 முதல் நெகிழ்வுக் கட்டணம் வந்தது. பத்தில் ஒரு பங்கு இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும் ஏற்பாடு அது. தாமதமாக வருபவர் அதிகம் கொடுக்க வேண்டும். சுவையான செய்தி ஒன்று உண்டு. மைசூர்–பெங்களூரு இடையே சதாப்தியின் இருக்கைகள் காலியாகவே ஓடியதால் 2017-ல் அந்தப் பகுதிக்கு மட்டும் இந்த முறையைக் கைவிட்டுக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பயணிகளும் கூடினர், வருவாயும் கூடியது. கடைக்காரர் எவரும் வியப்படையமாட்டார். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் இந்த ஏற்றம் இல்லை. ஆனால் தொடக்க விலையே அதிகம். சதாப்தி, வந்தே பாரத் இரண்டிலும் முன்பதிவின்போது உணவு வேண்டாம் என்று குறித்தால் அந்தத் தொகை குறையும். இந்த ஒரு கட்டத்தைக் கவனியாமல் விடுபவர்கள் மிகப் பலர்.

ஹனூரில் ரயில் நிலையம் இல்லை, கொள்ளேகாலிலும் இல்லை. நமக்கு உள்ள வழிகள் மூன்று. சாமராஜநகரிலிருந்து மைசூர், பெங்களூரு, காட்பாடி வழியாகத் திருப்பதி செல்லும் விரைவு ரயில் ஒன்று. மைசூர் சென்று ஏறுவது இரண்டு. மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர் வழியாகப் பேருந்தில் சேலம் சென்று அங்கு ரயிலேறுவது மூன்று. சேலத்திலிருந்து காட்பாடி சுமார் 205 கிலோமீட்டர். ரயில் கட்டணம் இதில்தான் மிகக் குறைவு. ஆயினும் மலைப்பாதைப் பேருந்துப் பயணம் நோயாளிக்கு ஏற்றதன்று என்பது எங்கள் கருத்து. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு மாநிலத்துக்குள் சாதாரண அரசுப் பேருந்துகள் இலவசம் என்பதால், மைசூர் வரை செல்லும் செலவு பெண்களுக்கு இல்லை. அதையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எந்த வழியானாலும் ரயில் தூரத்தைத் துண்டாக்கி இரண்டு சீட்டாக வாங்க வேண்டாம். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறையும் வகையில் கட்டணம் அமைந்துள்ளது. முன்பதிவுக் கட்டணமும் இருமுறை கட்ட நேரும்.

இனி அந்த அம்மாவுக்கு உண்மையில் தேவைப்பட்ட செய்தி. மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நோயாளிகளுக்கான சலுகை நிறுத்தப்படவில்லை. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் குளிர்வசதி மூன்றடுக்கிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் இவ்வகுப்புகளில் 75 சதவீதம். மருத்துவமனை உரிய படிவத்தில் சான்றளிக்க வேண்டும். சீட்டை நிலைய முகப்பில்தான் வாங்க இயலும், இணையத்தில் இயலாது. தட்கலில் இச்சலுகை எதுவும் இல்லை. அவசரப்பட்டுத் தட்கலை நாடியதாலேயே அந்தக் குடும்பம் உரிமையை இழந்திருந்தது.

முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறக்கிறது. மருத்துவர் அடுத்த தேதியைச் சொன்ன அன்றே காட்பாடி நிலைய முகப்பில் அடுத்த பயணத்துக்கும் சீட்டு எடுக்கலாம். எந்த முகப்பிலும் எந்த ஊருக்கும் முன்பதிவு செய்யலாம் என்பதை நம்மவர் பலர் அறியவில்லை.

இணையத்தில் எடுப்போருக்கு, வங்கியாளர் என்ற முறையில் இரண்டொரு சொல். வசதிக் கட்டணம் ஆளுக்கு அன்று, சீட்டுக்கு. ஆறு பேர் வரை ஒரே சீட்டில் பதிந்தால் ஒருமுறைதான் கட்டுவோம். குளிர்வசதியற்ற வகுப்பில் யுபிஐ வழியே 10 ரூபாய், அட்டை வழியே 15 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கிலிருந்தே இணையத் தட்கல் எடுக்க முடியும். முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதியும் இல்லை. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் இதை நினைவூட்டுங்கள். பணம் பிடிக்கப்பட்டுச் சீட்டு வராமல் போனால் தொகை தானே கணக்குக்குத் திரும்பும். திருப்பித் தருவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து ஓடிபி கேட்பவர் மோசடிக்காரர்.

அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது மருத்துவமனைச் சான்றுடன் வாங்கிய சீட்டுகளைக் காட்டினார். கணவரின் சீட்டுக்கு அவர் கட்டியது முன்பதிவுக் கட்டணமான 20 ரூபாய் மட்டுமே. பணம் எடுக்கும் படிவத்தில் தொகை முன்பைவிடக் குறைவாக இருந்தது.