ஏலே: விளியும் வழக்கும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் நாள்தோறும் ஒலிக்கும் சொல் 'ஏலே' என்பதாகும். 'எலேய்', 'ஏல' என்றும் இது வழங்கும். வினையோடும் வினாவோடும் ஒட்டி வரும்போது முதலெழுத்து மறைந்து, 'வாலே', 'சொல்லுலே', 'என்னலே' என 'லே' மட்டும் எஞ்சி நிற்கும். இது பெரும்பாலும் ஆண்களை விளிக்கும் சொல். பெண்களை விளிக்க 'ஏளா', 'ஏட்டி' என்பன வழங்குகின்றன.

ஒரு சொல்லே பல உணர்வுகளைச் சுமப்பது இதன் சிறப்பு. நெடுநாள் பிரிந்த நண்பனைக் கண்டவன் 'ஏலே' என்றால் மகிழ்ச்சி. கிணற்று விளிம்பில் நிற்கும் சிறுவனை நோக்கித் தாய் 'ஏலே' என்றால் அச்சம். வழக்காடுபவன் 'என்னலே' என்றால் சினம். எழுத்து மாறவில்லை, ஒலிப்பே பொருளை மாற்றுகிறது. வயலின் மறுகோடியில் நிற்பவனை அழைக்கையில் இச்சொல் மிக நீண்டு ஒலிக்கும். சேய்மையில் உள்ளாரை விளிக்கும்போது பெயர்கள் தம் அளவு கடந்து நீளும் எனத் தொல்காப்பிய விளிமரபு கூறுவதை இங்கு ஒப்புநோக்கலாம்.

இதன் தோற்றம் யாது? ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான, உரிமையுடன் விளிக்கும் சொல் ஒன்றைத் தொல்காப்பியம் பொருளியலில் சுட்டுகிறது. அது 'எல்லா' என்னும் சொல் என உரையாசிரியர் விளக்குவர். கலித்தொகையில் இவ்விளி பயின்று வருகிறது. 'எலா' என்னும் வடிவமும் பழந்தமிழில் வழங்கியதே. 'எல்லா' என்பது 'எலா' எனக் குறுகி, முதலுயிர் நீண்டு 'ஏலே' ஆகியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. கன்னடத்தில் வழங்கும் 'எலோ', 'லோ' என்னும் விளிகளும் இதனுடன் ஒப்பிடத்தக்கன. எனினும், ஒலியொப்புமை ஒன்றே முடிந்த சான்றாகாது. பொருளும் வழக்கும் பொருந்துகின்றனவா என ஆராய்தல் வேண்டும். இங்கு அவ்விரண்டும் பொருந்துகின்றன.

உரிமைச் சொல் எல்லாரிடத்தும் உரிமைச் சொல்லாகாது. ஒத்த வயதினர் ஒருவரையொருவர் 'ஏலே' என்பது நட்பு. நிலமுடையவர் தம் தந்தை வயதுடைய உழவரை 'ஏலே' என்பதோ இழிவு. முன்னதில் விளிக்கப்பட்டவன் அதே சொல்லால் மறுமொழி கூறலாம். பின்னதில் கூற இயலாது. அச்சொல்லைத் திருப்பிச் சொல்லும் உரிமை இருவருக்கும் உண்டா என்பதே அன்பையும் ஆதிக்கத்தையும் பிரித்துக் காட்டும் அளவுகோல்.

வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் தென்மாவட்ட மாணவர் சிலர், பிறர் நகைப்பர் என அஞ்சி இச்சொல்லை விடுத்துவிடுகின்றனர். வட்டார வழக்கு பிழைத்தமிழ் அன்று. பழந்தமிழின் கூறுகளை நாவில் காத்து வரும் தமிழ் அது. தேர்வுத்தாளில் பொதுத்தமிழை எழுதுவோம். நண்பனிடம் நம் ஊர்த்தமிழைத் தயங்காது பேசுவோம். இடமறிந்து இரண்டையும் ஆளுதலே மொழித்திறன்.