கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

ஊதுபத்தி ஏற்றாத இல்லம் நம்மிடையே அரிது. ஊதுவதால் வந்த பெயரன்று அது. மரத்தையும் அகிற்கட்டையையும் குறிக்கும் ‘ஊத்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. அராபியரின் தலையாய தந்தி வாத்தியத்துக்கும் அதுவே பெயர். பிளந்த பேரிக்காய் போன்ற குடம், குறுகிய கழுத்து, பொதுவாக 11 தந்திகள். வீணைக்குள்ள மெட்டுக்கள் இதற்கு இல்லை. விரல் நின்ற இடமே சுரஸ்தானம்.

இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டின் சிற்றறையிலிருந்து பாட்டமைக்கும் இளைஞர், இவ்வாத்தியத்தைக் கண்ணாற் காணாமலே தம் பாட்டில் ஒலிக்கச் செய்யலாம். வித்துவான் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாகவும் வன்மையாகவும் மீட்ட, அவற்றைத் தனித்தனியே பதிந்து கணினியில் அடுக்கி வைக்கின்றனர். கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்ற பதிவு ஒலிக்கும். ஒரே சுரத்தைப் பன்முறை பதிவதும் உண்டு; இல்லையேல் விரைந்து வாசிக்கும்போது தையல் இயந்திரம் ஓடுவது போலாகிவிடும்.

சம்பளம் கேளாத, ஒத்திகைக்குப் பிந்தாத வித்துவான்! ஆயினும் அவரைச் சிறைப்படுத்தியல்லவா வைத்திருக்கிறோம்? ஒரு ஸ்தாயியில் 12 கட்டைகளே உள. ‘மகாம்’ எனப்படும் அரபு இராகங்கள் பலவற்றின் உயிரோ அக்கட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. ‘ராஸ்த்’ என்ற மகாமின் காந்தாரம் நமது சாதாரண காந்தாரமுமன்று, அந்தர காந்தாரமுமன்று. ஏறக்குறைய இரண்டுக்கும் இடையில் நிற்பது. நிஷாதமும் அப்படியே. கட்டைப்படி வாசித்தால் சங்கராபரணமே கேட்கும். அராபியர் கேட்டால் நகைப்பர்.

இவ்வழக்குப் புதிதன்று. 1932ஆம் ஆண்டு கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், பியானோவை ஏற்கலாமா என்று அறிஞர் சூடாக வாதிட்டனர். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக்கும் அங்கு வந்திருந்தார்.

அன்று பியானோவுக்கு இயலாதது இன்று கணினிக்கு இயலும். காந்தார, நிஷாதக் கட்டைகளை மட்டும் 50 சென்ட், அதாவது அரைச்சுரத்திற் பாதி, இறக்கிவிட்டால் ராஸ்த் உயிர்பெறும். இந்த 50 என்பதும் தோராயமே. துருக்கியர் அக்காந்தாரத்தைச் சற்று உயர்த்தியே பிடிப்பர். ஆகவே முதலில் நல்ல வித்துவான்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு, எண்ணைப் பின்னர் திருத்துவதே முறை. கமகம் பழகிய செவிக்கு இது பெரும்பாடன்று.

கானூன் என்ற மற்றோர் அரபு வாத்தியத்தில் சுமார் 78 தந்திகள் உண்டு. மகாம் மாறும்போதெல்லாம் வித்துவானின் இடக்கை சிறு நெம்புகோல்களைத் தட்டிச் சுருதியை மாற்றிவிடும். கணினி முன் அமர்ந்திருப்பவரும் பாட்டின் நடுவே மகாம் மாறினால் அவ்வாறே செய்தல் வேண்டும்.