வரவிருக்கும் இசைத்தட்டும் இரசிகர் ஊகமும்



கையில் உள்ள பொருளைக் குறித்துப் பேசுவதைக் காட்டிலும், கைக்கு வரப்போகும் பொருளைக் குறித்துப் பேசுவதிலேயே மக்களுக்கு ஆர்வம் மிகுதி. இலை போடுமுன்பே பாயசத்தின் சுவையைப் பேசுவோர் உண்டு. தேர்வு நடக்குமுன்பே வினாக்களை ஊகித்துச் சொல்லும் மாணவரும் உண்டு. மேல்நாட்டு இசையுலகில் இவ்வியல்பு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. புகழ் பெற்ற பழைய இசைக்குழு ஒன்று புதிய இசைத்தட்டு வெளியிடப் போகிறது என்னும் பேச்சு எழுந்தால் போதும். அது எப்போது வரும், அதில் எத்தனை பாடல்கள் இருக்கும், யார் யார் பாடுவர் என்று இரசிகர்கள் இரவு பகலாக ஆராயத் தொடங்கிவிடுவர். இந்த ஊகங்கள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பதை இன்று காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ராக் இசை என்பது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் உருவானது. அந்நாட்டுக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' என்னும் இசையே அதற்கு முதன்மையான ஊற்று. மின்சாரக் கிடாரின் நாதமும், 'டிரம்ஸ்' என்னும் மேளத்தொகுதியின் தாளமும் அதன் உயிர். ஒரு குழுவினர் பத்துப் பன்னிரண்டு பாடல்களைத் தொகுத்து ஒன்றாக வெளியிடுவதை 'ஆல்பம்' என்பர். முன்னாளில் அது வட்டமான தட்டாக வந்தது. பின்னர் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் உருமாறி, இன்று கைப்பேசியிலேயே கேட்கும் நிலையை அடைந்துள்ளது. எனினும் இசைத்தட்டு என்னும் பழைய பெயரையே நாம் இங்குக் கொள்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் ஆங்கிலேயக் குழு. 1962-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் நகரத்தில் இக்குழு முதன்முதலாக மேடை ஏறியது. பாடகர் மிக் ஜாகரும் கிடார் இசைப்பவர் கீத் ரிச்சர்ட்ஸும் அன்று முதலே அதன் தூண்கள். 1963-இல் சேர்ந்த மேளக்காரர் சார்லி வாட்ஸ் மூன்றாம் தூண். இவர்கள் 2005-ஆம் ஆண்டில் தாம் இயற்றிய பாடல்களைக் கொண்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். அத்தகைய மற்றொரு தட்டு வெளிவந்தது 2023-ஆம் ஆண்டில்தான். இடையே கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். 2005-இல் பிறந்த குழந்தை வாக்குரிமை பெறும் வயதை எய்திவிடக்கூடிய காலம் அது. அத்தனைக் காலமும் இரசிகர்கள் வாளா இருந்திருப்பார்களா? இருக்கவில்லை. ஊகித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவ்வூகங்களுக்கு அடிப்படையாயிருந்த ஆதாரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பழைய வழக்கம் ஒன்று. அருகிலிருப்போர் சொல் மற்றொன்று. மறைமுகமான குறிகள் மூன்றாவது.

முதலாவது, பழைய வழக்கம். சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, இவ்வாண்டு எது வரும் என்று கணக்கிடும் மாணவனின் முறை இதுவே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1989, 1994, 1997, 2005 ஆகிய ஆண்டுகளில் தட்டுகளை வெளியிட்டனர். இடைவெளி முறையே ஐந்து, மூன்று, எட்டு ஆண்டுகள். இக்கணக்கின்படி 2013-க்குள் அடுத்தது வந்திருக்க வேண்டும். மேலும் 2012-ஆம் ஆண்டு குழுவின் பொன்விழா ஆண்டு. ஆனால் அவ்வாண்டில் வெளிவந்த பழம்பாடல் திரட்டில் இரண்டே புதிய பாடல்கள் இருந்தன. 2016-இல் ஒரு தட்டு வந்தது. அதுவும் பிறர் பாடிய பழைய புளூஸ் பாடல்களின் மறுபதிப்பே. வழக்கம் என்பது நேற்றைய செய்தியைச் சொல்லுமேயன்றி நாளைய உறுதியைத் தராது என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது, அருகிலிருப்போர் சொல். 2023 பிப்ரவரியில் ஒரு செய்தி பரவியது. பீட்டில்ஸ் குழுவில் எஞ்சியிருந்த இருவரான பால் மக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் ரோலிங் ஸ்டோன்ஸின் புதிய தட்டில் இடம்பெறுவர் என்பதே அது. 1960-களில் இவ்விரு குழுக்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தவர்கள் இரசிகர்கள். ஆகவே அச்செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியதில் வியப்பில்லை. முடிவில் நடந்தது என்ன? மக்கார்ட்னி ஒரு பாடலில் பேஸ் கிடார் வாசித்திருந்தார். ரிங்கோ ஸ்டார் அதில் இல்லை. பாதி மெய், பாதி பொய். வதந்தியின் வலிமை இக்கலப்பில்தான் இருக்கிறது. முழுப் பொய்யாயின் எளிதில் தள்ளிவிடலாம். ஒரு பாதி மெய்யாக இருப்பதால், மறுபாதியும் அதன் கையைப் பற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது வகையே மிகச் சுவையானது. 2023 ஆகஸ்டுத் திங்களில், கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ஹாக்னி என்னும் பகுதியின் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் வெளிவந்தது. 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்னும் பெயரில், கண்ணாடி பழுதுபார்க்கும் கடை ஒன்று செப்டம்பரில் மேர் தெருவில் திறக்கப்படும் என்பது செய்தி. சாதாரண மனிதன் இதைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிச் சென்றிருப்பான். இரசிகன் அவ்வாறு செல்லவில்லை. கடை தொடங்கிய ஆண்டு 1962 என்று அதில் இருந்தது. அது குழு பிறந்த ஆண்டு. விளம்பர வாசகத்தினுள் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்', 'கிம்மி ஷெல்டர்', 'ஷாட்டர்ட்' என்னும் மூன்று பழம்பாடல்களின் பெயர்கள் பதுங்கியிருந்தன. பெயரில் இருந்த ஆங்கில எழுத்து ஒன்றின் புள்ளி, குழுவின் சின்னமாகிய நாவும் உதடுமாக வரையப்பட்டிருந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்தோர்க்கு, கோபம் கொள்ளாமல் பழுதைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்னும் கருத்தில் பதிவு செய்யப்பட்ட குரல் கேட்டது.

இரசிகர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர்: புதிய தட்டு வருகிறது, அதன் பெயரே ஹாக்னி டயமண்ட்ஸ். அம்முடிவு சரியாயிற்று. செப்டம்பர் 6-ஆம் நாள், அதே மேர் தெருவில் உள்ள ஹாக்னி எம்பயர் அரங்கில் குழுவினர் தோன்றி அறிவித்தனர். முதலில் வெளியிடப்பட்ட பாடலின் பெயர் 'ஆங்கிரி', அதாவது கோபம். கார்க் கண்ணாடி உடைந்து தெருவில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஹாக்னி வைரங்கள் என்று கேலியாகக் கூறுவது இலண்டன் பேச்சுவழக்கு. கண்ணாடிக் கடையின் புதிரும் அவிழ்ந்தது.

இவ்வூகம் வென்றதன் காரணத்தை நோக்குவோம். ஒரே குறியை நம்பி முடிவு கட்டாமல், ஒன்றையொன்று சாராத பல குறிகள் ஒரே திசையைக் காட்டியதை அவர்கள் கண்டனர். ஆண்டு, பாடற்பெயர்கள், சின்னம் ஆகிய மூன்றும் தற்செயலாக ஓரிடத்தில் கூடா. இது நல்ல ஆராய்ச்சி முறை. ஆயினும் இங்கு மறவாமல் கருத வேண்டியது ஒன்றுண்டு. இக்குறிகள் தாமே கிடந்தவை அல்ல. கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே வைக்கப்பட்டவை. விற்பவர் விதைத்ததை இரசிகர் அறுவடை செய்தனர். அப்புதிர் ஒரு விளம்பரமே. அதை ஊரெங்கும் இலவசமாகக் கொண்டு சென்றவர்கள் இரசிகர்களே. இதனை ஏமாற்று என்று கூறேன். இருவரும் விரும்பி ஆடிய ஆட்டம் அது. எனினும் தான் ஆடுவது ஆட்டம் என்பதை ஆடுபவன் அறிந்திருத்தல் நலம்.

குறிகளை யாரும் வைக்காத இடத்திலும் குறி காணத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு 1969-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி முன்பே இறந்துவிட்டார் என்றும், அவரைப் போன்ற வேறொருவர் அவ்விடத்தில் நடிக்கிறார் என்றும் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே ஒரு வதந்தி கிளம்பியது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 'ஆபி ரோடு' தட்டின் உறையில் அவர் வெறுங்காலுடன் சாலையைக் கடக்கிறார். அது சவத்தின் அடையாளமாம். பின்னே நிற்கும் காரின் எண் பலகையில் 28 என்னும் எண்ணும், 'இருந்தால்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளும் உள்ளன; உயிரோடிருந்தால் அவருக்கு வயது 28 என்பது அதன் பொருளாம். ஆனால் 1942 சூனில் பிறந்த அவருக்கு அப்போது வயது 27 தானே! கணக்கு இடித்த பின்பும் நம்பிக்கை தளரவில்லை. முடிவில் 'லைஃப்' இதழ் அவரை ஸ்காட்லாந்துப் பண்ணைவீட்டில் கண்டு, அவர் உயிரோடிருப்பதை நவம்பரில் வெளியிட வேண்டியதாயிற்று. ஊகத்தினால் இறந்தவராக்கப்பட்ட அதே மனிதர்தாம், ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஹாக்னி டயமண்ட்ஸ் தட்டில் கிடார் வாசித்தவர்.

ஆகவே ஊகிப்பவன் தன்னைத்தானே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இக்குறியை இங்கு வைத்தவர் யார் என்பது ஒன்று. எது நிகழ்ந்தால் என் ஊகம் தவறென்று ஒப்புவேன் என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையெனில், அவன் கொண்டிருப்பது ஊகமன்று, விருப்பமே.

இனி, மக்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றனர்? பொழுதுபோக்கு மட்டுமே காரணமன்று. 2021 ஆகஸ்டு 24-ஆம் நாள் சார்லி வாட்ஸ் தம் 80-ஆம் வயதில் மறைந்தார். அறிவிப்பு வெளிவந்தபோது ஜாகருக்கு வயது 80, ரிச்சர்ட்ஸுக்கு 79. இளமையில் இவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பேரக்குழந்தைகளை எடுத்தவர்கள். அடுத்த தட்டு எப்போது என்று அவர்கள் கேட்ட கேள்வியினுள், இன்னும் ஒரு முறை இவர்களைக் கேட்க வாய்க்குமா என்னும் கேள்வி மறைந்திருந்தது. மறைந்த மேளக்காரரின் கையொலி அதில் இருக்குமா என்னும் ஏக்கமும் இருந்தது. இவற்றை வாய்விட்டுக் கேட்க மனம் கூசும். ஆகவே நாள், எண், சின்னம் என்று பேசிக்கொள்கிறோம். வெளியூர் சென்ற மகன் எந்த இரயிலில் வருவான் என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் தாய்க்கு இரயில் அட்டவணையில் ஆர்வம் என்று யாரேனும் கூறுவரா?

2023 அக்டோபர் 20-ஆம் நாள் தட்டு வெளிவந்தது. மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். சார்லி வாட்ஸ் மறைவதற்கு முன் பதிவு செய்திருந்த மேளம் அவற்றுள் இரண்டில் ஒலித்தது. அவ்விரண்டுள் ஒன்றில், 1993-இல் குழுவை விட்டு விலகிய பில் வைமனும் வந்து தம் பழைய தோழரின் தாளத்திற்கு பேஸ் கிடார் வாசித்திருந்தார். இறுதிப் பாடல், மடி வாட்டர்ஸ் என்னும் புளூஸ் கலைஞர் 1950-இல் வெளியிட்டது. இக்குழு தன் பெயரையே அப்பாடலிலிருந்துதான் பெற்றது. தொடங்கிய இடத்திற்கே அவர்கள் திரும்பி வந்திருந்தனர்.

அன்று ஊகம் முடிந்தது; கேட்டல் தொடங்கியது. ஊகம் வாயிற்படி போன்றது. விருந்தினரை எதிர்நோக்கி அங்கே நிற்பது அன்பின் அடையாளம். விருந்தினர் வந்த பின்பும் அங்கேயே நிற்பது பேதைமை. எதிர்நோக்கும்போது அறிவோடு எதிர்நோக்குவோம். வந்தபின் செவி கொடுத்துக் கேட்போம்.