பிணியும் பிழைப்பும்

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதன் இறுதிக் குறளிலே, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். உரையாசிரியராகிய பரிமேலழகர் அந்நான்கினையும் தனித்தனி நந்நான்காகப் பகுத்துக் காட்டுவர். நோயுற்றவனுக்கு வேண்டுவனவாக அவர் கூறுவன எவை? மருத்துவன் வழி நிற்றல், தன் நோயின் நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல் என்னும் மூன்றையும் யாவரும் எளிதில் ஊகிப்பர். ஆனால், இம்மூன்றிற்கும் முன்னதாக அவர் வைத்தது வேறொன்று. அது பொருளுடைமை.

இப்பகுதியைப் படிப்பிக்கும்போது, “அங்ஙனமாயின் வறியவன் பிணி தீரானோ?” என்று மாணவர் வினவுவதுண்டு. நல்ல வினா. உரையாசிரியர் வறியவனை இகழ்ந்தாரல்லர். உலகியலை உள்ளவாறு கூறினார். இரண்டு நாட் காய்ச்சலுக்குப் பொருளுடைமை பெரிதன்று. மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நீளும் பிணியிலேதான் அதன் இன்றியமையாமை புலனாகும்.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இது பெரும்பேறு. எனினும், மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் அடுப்பெரிய வேண்டிய விறகும் அரிசியும் இலவசமாகக் கிடைப்பதில்லை. காசநோயை எடுத்துக்கொள்வோம். இன்று அது தீரக்கூடிய நோய். சாதாரணமாக ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். ஓரிரு மாதத்துள் இருமல் தணிந்து, உடல் தேறியது போலத் தோன்றும். அந்நிலையிலே நாட்கூலி பெறுவோன் என் செய்வான்? வைத்தியசாலைக்குச் செல்லும் நாளிற் கூலி இல்லை. கூலிக்குச் செல்லும் நாளில் மருந்து இல்லை. இரண்டுள் ஒன்றைத் தெரிய நேரும்போது பசித்த பிள்ளைகளின் முகமே முன்னிற்கும். இடையில் மருந்தை விட்டால், நோய் மீள்வதோடு, முந்திய மருந்துக்கு அடங்காத கொடுமையும் பெறக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தோர் நிலை இதனினும் கடிது. கிழமைக்கு இருமுறை மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அருகே அவர்கள் கிடத்தல் வேண்டும். வடமத்திய மாகாணத்தில் இந்நோய்க்கு இலக்கானோருட் பலர் நெல் விளைக்கும் கமக்காரர். வயல் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

எழுதிப் பிழைத்தோரும் இவ்விடர்ப்பாட்டிற்குத் தப்பினாரல்லர். சிறுகதை மன்னராகிய புதுமைப்பித்தன், திரைப்படத்திற்கு உரையாடல் எழுதும் பொருட்டுப் புனா நகர் சென்றிருந்த காலத்திலே காசநோய்க்கு ஆளாகி, 1948 ஆம் ஆண்டிலே திருவனந்தபுரத்திற் காலமானார். உருசிய நாட்டின் அன்ரன் செக்கோவ் தாமே ஒரு மருத்துவர். 1897 ஆம் ஆண்டில் அவர் நுரையீரலிலிருந்து குருதி பெருகிய பின்னர், வெப்பமான தென்திசையில் வாழுமாறு பணிக்கப்பட்டார். யால்ற்றா நகரிலே மனையமைத்து வாழப் பொருள் வேண்டுமே! 1899 ஆம் ஆண்டில், தம் நூல்களின் உரிமையைப் பதிப்பாளர் ஒருவருக்கு 75,000 ரூபிளுக்கு விற்றார். ஒருவர் உழைப்பைத் தேடிச் சென்று உடலை இழந்தார். மற்றவர் உடலைக் காக்க உழைப்பின் பயனையே விற்றார்.

கணித மேதை இராமானுஜன் வரலாறு இவ்விருவர்க்கும் வேறான ஒரு நெறியைக் காட்டுகின்றது. 1910 ஆம் ஆண்டில் அவருக்குச் சத்திரசிகிச்சை ஒன்று வேண்டியிருந்தது, வீட்டிலே பணமில்லை, மருத்துவர் ஒருவர் ஊதியம் பெறாது அதனைச் செய்தார். உடல் தேறியதும் அவர் வேலை தேடி அலைந்தார். 1912 ஆம் ஆண்டிற் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா உதவியது. 1914 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சென்றார். போர்க்காலம், குளிர், மரக்கறி உணவின் அருமை, ஓயாத உழைப்பு என்பன ஒருங்கே சூழ, 1917 ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்டார். அது காசநோய் என அக்கால மருத்துவர் பலர் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாதல் கூடும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர்.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது உளது. 1918 ஆம் ஆண்டு ஒற்றோபரில், நோயாளியாய் இருந்த அவரைத் திரினிற்றிக் கல்லூரி தன் உறுப்பினராகத் தெரிந்து, ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுண் வழங்கியது. இன்ன வேலை செய்தல் வேண்டும் என்னும் நிபந்தனை எதுவும் விதித்திலது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதே தொகையை ஐந்தாண்டுக்கு வழங்க முன்வந்தது. 1919 ஆம் ஆண்டு சனவரியில் இராமானுஜன் அப்பல்கலைக்கழகத்திற்கு விடுத்த மடலில், பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுண் கொடுக்குமாறும், தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பாடசாலைக் கட்டணத்தைக் குறைத்தற்கும் நூல்கள் வழங்குதற்கும் பயன்படுத்துமாறும் வேண்டினார். வறுமையின் அளவை அறிந்தவர்க்கே தமக்குப் போதுமான அளவும் தெரியும் போலும்!

வேலையைக் கட்டாயப்படுத்தாத அந்த ஊதியம் அவரைச் சோம்பராக்கிற்றா? இல்லை. தாயகம் மீண்டு படுக்கையிற் கிடந்த நிலையிலும், 1920 சனவரியில் தாம் கண்ட புதிய சார்புகளைப் பற்றிப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரில் 26 இல், 32 ஆவது வயதில், அவர் உயிர் நீத்தார். பொருள் அவர் உயிரைக் காத்திலது என்பது மெய். எனினும், அவர் அறிவை இறுதிவரை தொழிற்பட வைத்தது. நோயாளிக்கு வேலையே ஆகாது என்பார் இதனை நினைக. அளவறிந்த வேலை ஒருவனுக்குத் தான் இன்னும் வேண்டப்படுபவன் என்னும் உறுதியைத் தருகின்றது. அளவிறந்த வேலையோ தேறிய உடலை மீண்டும் வீழ்த்துகின்றது.

அளவு என்பதே இங்கு உயிர்நாடி. நோயுற்றவன் அளவும் நோயின் அளவும் காலமும் எண்ணி மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பதும் அதே அதிகாரத்துக் கருத்தாகும். மருத்துவனுக்குக் கூறிய இவ்விதி வேலை கொடுப்போனுக்கும் பொருந்தும். நம் முன்னோர் மருந்துண்டு முடிந்த பின்னும் சில நாள் ‘மறுபத்தியம்’ காத்தனர். மருந்து நின்ற அன்றே வழமையான உணவுக்குத் திரும்பினாரல்லர். உணவுக்கு மறுபத்தியம் உண்டெனின், உழைப்புக்கும் ஒன்று வேண்டாமா? லீவு முடிந்த மறுநாளே முழுப் பாரத்தையும் சுமத்துவது, கஞ்சி குடித்தவன் இலையில் விருந்தைக் கொட்டுவது போலாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நோயினின்று மீண்டு வரும் ஆசிரியருக்கு மேல்மாடி வகுப்பைத் தவிர்த்துக் கீழ்த்தளத்தில் இடமளிக்கலாம். இருந்தவாறே படிப்பிக்க ஒரு கதிரை வைக்கலாம். தொடர்ந்து வரும் பாடவேளைகளுக்கிடையே ஓய்வு அமையும்படி நேரசூசியை மாற்றலாம். கிளினிக் நாளிலே சக ஆசிரியர் ஒருவர் அவர் வகுப்பை ஏற்கலாம். நாட்கூலியாளனுக்கோ, மருந்தெடுக்கும் நாளிலும் அரைக்கூலியேனும் கொடுக்கும் மனம் முதலாளியிடம் இருத்தல் வேண்டும். உற்றாரும், “இன்னும் சுகம் வரவில்லையா?” என்று நாள்தோறும் வினவி, எழுந்திருக்க விரையும் அவன் அவசரத்தை வளர்த்தலாகாது.

பொருளுடைமை நோயாளியின் கூறு என்றார் பரிமேலழகர். அப்பொருள் அவனிடத்து இல்லாதவழி யாது செய்வது? அருகிருந்து மருந்து இயற்றுவோனுக்கு வேண்டியதாக அவர் முதலில் வைத்தது, நோயாளியிடத்து அன்புடைமை. ஒரு கூறு குறைந்தவிடத்து மற்றொரு கூறு நிரப்புமாயின் மருத்துவம் நிறைவுறும். அவ்வாறு நிரப்புவோர் வீட்டார் மட்டும் அல்லர். அதிபரும், முதலாளியும், கூட வேலை செய்வோரும் அருகிருப்போரேயாவர்.